பிள்ளைத்தாச்சி இல்லாத வீடு

தங்கராஜுவின் வீட்டில் யாருமே கர்ப்பமாக இல்லாத மாதம் கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டால், தோட்டத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. மூத்த மருமகள் பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கும் வண்டியில் மகள் ஏறுவாள். மகள் வந்து இறங்கும் வண்டியில் இளைய மருமகள் ஏறுவாள். வண்டிக்காரன் என்ஜினை அணைப்பதே கிடையாது. இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குளியலறை உள்ள தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த லயத்து வீட்டில் பதினாறு பேர். இந்தக் கோடியில் ஒருவர் புரண்டு படுத்தால் அந்தக் கோடியில் படுத்திருப்பவர் வாசலுக்கு வெளியே போய் விழுவார். குளியலறை வரிசை காலை நான்கு மணிக்கு ஆரம்பித்துக் கடைசி ஆள் துண்டோடு வெளியே வரும்போது, முதலில் குளித்தவருக்கு மறுபடியும் அழுக்கேறியிருக்கும்.

தோட்டத்தை விற்று இருபத்து மூன்று வருடமாகிவிட்டது. செம்பனையைச் சாய்த்துத் தாமான் என்கிற புதுக் குடியிருப்பைக் கட்டிய கம்பெனி, லயத்தில் மிச்சமிருந்த பதினான்கு குடும்பத்துக்கும் வீடு தருவதாகக் கையெழுத்துப் போட்டிருந்தது. முதல் கட்டத் தாமான் எழும்பியபோதே தங்கராஜுவின் முறை வந்தது. அப்போது மூத்த மருமகளுக்கு ஏழாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு புது வீடு புகக் கூடாது, வீட்டுக்கு மண்ணும் வெட்டக் கூடாது என்று அவர் மனைவி கங்கா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். வீடு வேறு ஆளுக்குப் போனது. இரண்டாம் கட்டம் வந்தபோது மகளுக்கு எட்டாம் மாதம். அதுவும் போனது. மற்றப் பதின்மூன்று வீட்டுக்காரர்களும் இப்படியே ஏதோ ஒரு வயிற்றைக் காட்டித்தான் லயத்தில் தங்கிப்போயிருந்தார்கள்.

இதற்குள் தாமான் நாலாயிரம் வீடாகப் பெருகிவிட்டது. ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் பதினேழு வீட்டில் தும்மினார்கள். கோல சிலாங்கூர் டவுனுக்குப் போகிற பெரிய சாலை ஒரு பக்கம், தாமான் மூன்று பக்கம். நடுவில் யாரும் தொடாமல் கிடந்தது நாலு ஏக்கர் பெலுக்கார். ரப்பரும் இல்லாமல் காடும் இல்லாமல், விட்ட இடத்தில் தானே முளைத்த புதர்க்காடு. அதைத்தான் கம்பெனி கடைசியாகக் காட்டியது. இந்த மாதத்துக்குள் மண்ணைச் சமப்படுத்திவிட்டால் அங்கே பதினான்கு வீடு. இல்லையென்றால் கடை வரிசை.

சமப்படுத்தும் வேலை தங்கராஜுவின் இளைய மகன் செல்வாவின் கைக்கே வந்தது. அவன் கொண்ட்ரெக்டர் சிவநேசனிடம் மண் அள்ளும் பெக்கோ ஓட்டுகிறவன். அந்த எந்திரத்தின் இரும்புக் கையால் கோழி முட்டையை உடையாமல் எடுத்துத் தட்டில் வைப்பான் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. முட்டை அவித்த முட்டை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஒரே ஒரு சிக்கல். அவன் மனைவி துளசிக்கு எட்டாம் மாதம். பிள்ளைத்தாச்சியின் புருஷன் உயிர்க்கொலை செய்யக் கூடாது. நண்டைக்கூட உடைக்கக் கூடாது. செல்வா ஏழு மாதமாகக் கொசுவை வாயால் ஊதித்தான் விரட்டிக்கொண்டிருந்தான். இது பற்றிக் கங்கா ஒரு தீர்ப்பு வைத்திருந்தாள்.

"மரத்துக்கு ஒண்ணும் இல்ல. காடு வெட்டுறது வீட்டுக்கு மண்ணு வெட்டுறதா ஆகாது, வீடு எழும்புறதுக்குள்ள புள்ளையும் பொறந்துரும். காலையில மெஷின்ல ஏறுனதும் மூணு தடவ ஹார்ன் அடி. உள்ள இருக்கிறது எதுவா இருந்தாலும் கெளம்பிப் போயிரும். சொல்லிட்டுச் செஞ்சா பாவம் இல்ல."

செல்வா அப்படியே செய்தான். பத்து நாளில் உடும்பு போனது, கீரி போனது, பாம்புகள் குடும்பத்தோடு தாமானுக்குக் குடிபெயர்ந்தன. தாமான்காரர்கள் போலீசுக்குப் போன் செய்தார்கள். ஒரு ஏக்கர்தான் மிச்சம்.

செவ்வாய்க்கிழமை காலை. முதல்நாள் பெய்த மழையில் மண் கஞ்சியாகக் கிடந்தது. செல்வா மூன்று தடவை ஹார்ன் அடித்துவிட்டு, கால்வாய் ஓரத்துப் பெரிய பெரணிப் புதரை இரும்புக் கையால் மெல்ல விலக்கினான்.

அங்கே ஒரு தெனுக்கு நின்றுகொண்டிருந்தது.

டாபிர் என்று பேப்பரில் போடுவார்களே, அந்தக் காட்டு மிருகம். முன்பாதி கறுப்பு, பின்பாதி வெள்ளை, கால் மறுபடியும் கறுப்பு. வெள்ளை வேட்டியை இடுப்புக்குப் பதிலாக முதுகில் சுற்றிக்கொண்டது போல. யானைக்குத் தும்பிக்கை செய்ய ஆரம்பித்துப் பாதியில் கைவிட்டது போன்ற மூக்கு. அந்த மூக்கு செல்வாவின் பக்கம் நீண்டு டீசல் வாசனையைப் பிடித்தது. அதன் வயிற்றுக்குக் கீழே, தர்ப்பூசணிக்குக் கால் முளைத்தது போல வரிவரியாக ஒரு குட்டி.

போன மாதம் இதே சாலையில் ஆண் தெனுக்கு ஒன்று லோரியில் அடிபட்டுச் செத்தது. தாமானில் பாதிப் பேர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இது அதனுடைய ஜோடியாக இருக்க வேண்டும். நாலு பக்கமும் மனிதர்கள் அடைத்துவிட்ட இடத்தில், இது எங்கே கிளம்பிப் போகும்?

செல்வா என்ஜினை அணைத்தான். பயமா, இரக்கமா என்று நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி இருந்தது உள்ளே. சாவியை உருவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

வீட்டில் பெண்கள் பாகான் நக்கோடா ஓமார் மீனவர் கிராமத்துக் கருவாட்டைக் கத்திரிக்காயோடு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பதினாறு பேருக்கான சட்டி. அதில் ஒரு சின்னப் பிள்ளையைக் குளிப்பாட்டலாம்.

"குட்டியோடயா?" என்றாள் கங்கா, கரண்டியை நிறுத்தி.

"குட்டியோடதான்மா. ஹார்ன் அடிச்சும் போகல."

"அப்ப நீ தொடாத. வயித்துப் புள்ளைக்காரி வீட்டுல தாயும் புள்ளையுமா நிக்கிறதக் கலைக்கிறதா? நல்லா இருக்கு."

தங்கராஜு பேப்பரைக் கீழே போட்டார். "இருவத்து மூணு வருசம்டி! நான் பால் வெட்டுன காலத்துல காலைப் பெரட்டுக்கு ஆளுங்கள விட தெனுக்குதான் அதிகமா வந்து வரிசையில நிக்கும். ஆளுங்கள எண்ணுற மண்டோரு அதுங்களுக்கும் பேரு போட்டாரு. அப்பல்லாம் ஒண்ணும் ஆகல. இப்ப ஒத்த தெனுக்குக்காகக் கடைக்காரனுக்கு எடத்தக் குடுக்கச் சொல்றியா?"

"மாமா, அதுங்களுக்குச் சம்பளமும் போட்டாங்களா?" என்று கேட்டாள் துளசி, சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு.

"போட்டிருப்பாங்க. உங்க மாமா அதையும் வாங்கிக் குடிச்சிருப்பாரு" என்றாள் கங்கா.

செல்வா சிரிக்கவில்லை. "வனவிலங்கு இலாகாவுக்குப் போன் போடலாம்ப்பா. ரோட்டுல தெனுக்குப் படம் போட்ட போர்டுல நம்பர் இருக்கு."

"போடு, போடு. நாளைக்கே வந்து கயிறு கட்டிருவான். இது தெனுக்கு எடம், ஆளு உள்ள வரக்கூடாதும்பான். அப்புறம் உன் பேரன்தான் வீடு கட்டணும்."

சிவநேசனைக் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். "டேய், போன்ல கைய வச்சிராத லா. வேல நின்னா ரெண்டு பேருக்குமே சோறு இல்ல."

கடைசியில் வழி கண்டுபிடித்தவள் கங்காவேதான். விலங்கு கலைந்தாலும் செத்தாலும் பாவம் எந்திரத்தின் சாவியைப் பிடித்த கைக்கு. ஆகவே கையை மாற்றினால் போதும். மூன்றாவது வீட்டு லியோனார்டுக்கும் பெக்கோ லைசென்ஸ் இருந்தது. வேதக்காரன், அவர்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. பிள்ளைகளும் பெரியதாகிவிட்டன.

"அவ்ளோதானே? குடு சாவிய" என்றான் லியோனார்ட். "நம்ம ஃபாதர் தெனுக்கப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல."

சாவியை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெஷின் வரைக்கும் போய்விட்டான். பின்னாலேயே அவன் மனைவி டொரீன் செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"யோவ்! எறங்கு! எறங்குங்கறேன்!"

"என்ன டொரீன், ஏன் இப்படிக் கத்துற?"

"எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு."

லியோனார்ட் ஒரு காலை ஏணியிலும் ஒரு காலைச் சேற்றிலும் வைத்தபடி நின்றான். "எத்தன நாளு?"

"மூணு மாசம். நாப்பத்து மூணு வயசுல எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுச் சொல்றதுன்னு இருந்தேன்."

"நமக்குத்தான் இந்தச் சட்டம் இல்லையே?"

"எங்க அம்மா ஞானஸ்நானத்துக்கு முந்தி மாரியம்மனுக்குத் தீ மிதிச்சவங்க. நான் ரெண்டு பக்கமும் பாத்துத்தான் நடந்துக்குவேன். சாவியக் குடுத்துட்டு வா."

சாவி செல்வாவிடமே திரும்பி வந்தது. அன்று மாலையும் மறுநாள் முழுவதும் தங்கராஜு குடையும் மோட்டார் சைக்கிளுமாகச் சுற்றினார். அவர் தேடியது சாதாரண ஆளையல்ல. பெக்கோ ஓட்டத் தெரிய வேண்டும், வீட்டில் ஒரு பெண்ணும் கர்ப்பமாக இருக்கக் கூடாது. லயத்தில் பதினான்கு வீட்டிலும் விசாரித்தார். பதினான்கிலும் யாரோ ஒருத்தி புளி தின்றுகொண்டிருந்தாள். தாமானில் கேட்டார். ஒரு வீட்டில் இரட்டை. புக்கிட் பெலிம்பிங்கில் ஓர் ஓட்டுநர் இருந்தான். அவனுக்கு இரண்டு மனைவி, இருவருக்கும் ஒரே தேதி. கெர்லிங்கில் செல்லன் என்று அறுபது வயதுக் கட்டை பிரம்மச்சாரி இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, கொட்டும் மழையில் அங்கேயும் போனார். செல்லன் தே கலக்கிக் கொடுத்து, உட்காரவைத்து, கூச்சத்தோடு சொன்னான்: தங்கை மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள், உள்ளேதான் படுத்திருக்கிறாள்.

"நாட்டுல புள்ளைத்தாச்சி இல்லாத வீடே கெடையாதாடா?" என்று நனைந்த கோழி மாதிரி வீடு திரும்பிய தங்கராஜு கேட்டார். சிலாங்கூர் முழுக்க ஒரே சமயத்தில் பிரசவமானால் தரை இரண்டு அங்குலம் இறங்கிவிடும் என்றும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

செல்வா இந்த நாட்களில் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். வேலையில்லாத வேலை. தெனுக்கு அந்த ஒரு ஏக்கருக்குள்ளேயே இலையைச் சுருட்டி இழுத்துத் தின்றது. குட்டி பால் குடித்தது. தாய் அவ்வப்போது விசில் அடித்தது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து குழந்தையின் பீப்பி போல ஒரு சின்னச் சத்தம்.

கங்கா கங்கோங் கீரையும் சர்க்கரைவள்ளிக் கொடியும் அனுப்பினாள். "பிள்ளை பெத்தவ, பசிக்கும்" என்றாள். கீரையோடு லயத்துப் பிள்ளைகள் போயின. பிள்ளைகளோடு செய்தி போனது. புதன்கிழமை மத்தியானம் தாமானிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். சாயங்காலம் நூறு. வியாழக்கிழமை, போனில் பார்த்துவிட்டு ஊர் ஊராக வந்தார்கள். நாசி லெமாக் விற்கிறவன் வந்தான், பலூன்காரன் வந்தான். நிறுத்திய கார்களின் வரிசையில் ஒரு கோடிக்காரனுக்கு மழை, மறுகோடிக்காரனுக்கு வெயில். ஒருவன் பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு புதருக்குள் போய்க் குட்டியோடு சேர்த்துப் படமெடுக்கப் பார்த்தான். தாய்த் தெனுக்கு பின்வாங்கிப் பின்வாங்கிக் கால்வாய்க்கரையில் முதுகை முட்டிக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான் செல்வா.

"நீ யாருப்பா?"

அவன் திரும்பி நடந்தான். போய் வாளியில் உட்கார்ந்தான். போனை எடுத்தான். போர்டிலிருந்த எண்ணைச் செவ்வாய்க்கிழமையே மனப்பாடம் செய்திருந்தான். எட்டு எண்ணை அழுத்தினான். துளசி, அவள் படுக்க இடமில்லாமல் சுவரில் சாய்ந்து தூங்குவது, பிறக்கப்போகிற பிள்ளையைக் கிடத்தவும் அந்த வீட்டில் தரை இல்லாதது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. எண்களை ஒவ்வொன்றாக அழித்தான். வாய்க்குள் கருவாட்டு உப்பு மட்டும் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அவன் வேலையிடத்துக்கு வந்தபோதே கூட்டம் வந்துவிட்டிருந்தது. யாரோ ஒரு டிரோனைப் பறக்கவிட்டார்கள். அது பத்தாயிரம் வண்டு சேர்ந்தது போல இரைந்துகொண்டு புதருக்கு நேர்மேலே இறங்கியது. தாய் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, இவ்வளவு கனத்த பிராணிக்கு இவ்வளவு வேகமா என்று அத்தனை பேரும் வாயைப் பிளக்க, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பெரிய சாலைக்கு ஓடியது. தாமானின் அடுத்த கட்டத்துக்குக் கூரை ஓடு ஏற்றிய லோரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

சத்தம் கேட்டது. செல்வா போய்ப் பார்க்கவில்லை. குட்டி புதருக்குள் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் போனை எடுத்து எல்லா எண்ணையும் அழுத்தி, பேசினான்.

ஒரு மணி நேரத்தில் வனவிலங்கு இலாகா வண்டி வந்தது. இறங்கியவள் கண்மணி என்ற தமிழ்ப்பெண். முழங்கால் வரை பூட்ஸ், கையில் ஃபைல். இரண்டு உதவியாளர்கள் குட்டியைச் சாக்குத் துணியில் சுற்றி, மூச்சுத்துளை போட்ட மரப்பெட்டியில் ஏற்றினார்கள். அவள் ஃபாரத்தை விரித்துக்கொண்டு செல்வாவிடம் வந்தாள்.

"மொதல்ல பாத்தது யாருண்ணே?"

"நான்தான்."

"எப்ப?"

"செவ்வாக்கெழம. காலையில எட்டு மணி இருக்கும்."

அவள் பேனாவை நிறுத்தினாள். "இன்னிக்கு வெள்ளி. ஏன்ணே கூப்பிடல?"

"வேலைய நிறுத்திருவீங்கன்னு."

"யாரு சொன்னா?"

செல்வா தங்கராஜுவைப் பார்த்தான். அவர் குடையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். சிவநேசன் போனில் இல்லாத ஆளோடு பேசிக்கொண்டிருந்தார்.

"இது ரிசர்வ் இல்லண்ணே. நிறுத்துறதுக்கு ஒண்ணும் இல்ல. ஊசி போட்டு மயக்கி, தாயும் குட்டியுமா ஏத்தி, பெரிய காட்டுல கொண்டு விட்டிருப்போம். பன்னெண்டு மணிக்குள்ள முடிஞ்சிருக்கும். நீங்க சாப்பிட்டுட்டு வந்து மெஷின ஸ்டார்ட் பண்ணியிருக்கலாம்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று செல்வாவுக்குப் பட்டது. ஃபாரத்தில் 'மிச்சம்' என்று ஒரு கட்டம் இருந்தது போலிருக்கிறது. "உள்ள வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் ஒரு பூஜ்யம் போட்டுக்கொண்டு போனாள். கூட்டமும் போனது. நாசி லெமாக்காரன் மிச்சமிருந்த பொட்டலத்தைப் பாதி விலைக்குக் கூவினான்.

கங்கா வந்து புதரைச் சுற்றிப் பார்த்தாள். கால்வாயைப் பார்த்தாள்.

"நம்ம கையில சாகல" என்றாள் கடைசியில், யாரிடமோ போல. "உள்ள உசுரும் இல்ல. நீயே ஓட்டலாம்பா."

"சரிம்மா."

அவன் சாவியைப் போட்டான். மூன்று தடவை ஹார்ன் அடிக்க வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்து, அடிக்காமலே விட்டான். வெள்ளி, சனி இரண்டே நாளில் அந்த ஒரு ஏக்கரும் தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது. சிவநேசன் தோளில் தட்டினார். இவ்வளவு வழவழப்பாக மண் தள்ளிய ஆளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை, இதில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் என்றார். செல்வா ஆமாம் பாஸ் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். தங்கராஜுவுக்கு ஒன்பதாம் மனை. லியோனார்டுக்குப் பத்து. சீட்டு எடுத்த கையோடு பதினான்கு குடும்பமும் மண்ணுக்கு வந்துவிட்டது. தொண்ணூறு பேர் கயிறும் முளைக்கம்புமாகப் பரவி நின்று, இன்னும் இல்லாத வாசலுக்குள் நுழைந்து, இன்னும் இல்லாத அறைகளுக்குச் சண்டை போட்டார்கள். "அது எங்க ஹால்! செருப்பக் கழட்டு!" என்று டொரீன் யாரையோ விரட்டினாள்.

துளசி மட்டும் உள்ளே வரவில்லை. ஏழு மாதம் தாண்டியவள் மனையில் கால் வைக்கக் கூடாது. சாலையோரம் குடையின் கீழ் நின்றபடி கூப்பிட்டாள்.

"என்னாங்க! அது எங்க நின்னுச்சு?"

செல்வா சுற்றிப் பார்த்தான். மண்ணில் ஓர் அடையாளமும் இல்லை, அவன்தானே சமப்படுத்தினான். கால்வாய் வளைவு அங்கே இருந்தது. வளைவிலிருந்து எட்டடி. அவன் நின்றுகொண்டிருந்த இடம்தான். ஒன்பதாம் மனை, பின்பக்கம்.

"எதும்மா?"

"தெனுக்கும் குட்டியும்! நம்ம எடத்துல இல்லதானே?"

பத்தாம் மனையில் டொரீனும் பேச்சை நிறுத்திவிட்டு, வயிற்றில் கை வைத்தபடி அவன் முகத்தைப் பார்த்தாள். லியோனார்ட் பார்த்தான். செல்வா கையை உயர்த்தி, எல்லா மனைகளையும் தாண்டி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் தாமானின் பின்சுவரைக் காட்டினான்.

"அங்க."

"அப்ப சரி" என்றாள் துளசி. டொரீனும் மூச்சு விட்டாள்.

கங்கா கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "செல்வா, அடுப்பு மேட இங்கதான் வருது. நகராத, அப்படியே நில்லு. உன்னையே அளவா வச்சுக்கிறேன்."

அவன் நின்றான். அவள் அவன் கால் விரலுக்குப் பக்கத்தில் முளைக்கம்பை நிறுத்திக் கல்லால் அடித்தாள். மண் இளகிக் கிடந்தது. இரண்டே அடியில் இறங்கிவிட்டது.